ரோபோவும் ஒளிப்படமும் சேரும் புற்றுநோய் ஆய்வு: உசிலம்பட்டி மாணவிக்கு ஒரு பதில்

கேள்வி: மதுரையில் மெக்கட்ரானிக்ஸ் (இயந்திரமும் மின்னணுவும் சேர்ந்த பொறியியல்) முடித்திருக்கிறேன். மருத்துவ ரோபோவையும் ஒளிப்படக் கருவியையும் இணைத்துப் புற்றுநோய் சிகிச்சைக்காக ஆய்வு செய்யும் முனைவர் பட்ட இடம் ஒன்றுக்கு விண்ணப்பிக்கலாமா? ஒளியியல் எனக்கு அரைகுறையாகத்தான் தெரியும். என் பெரியம்மாவுக்குக் கன்னத்தின் உட்புறத்தில் புற்றுநோய் வந்தது. அறுவை சிகிச்சை முடிந்து பத்து நாளில், "ஓரத்தில் இன்னும் இருக்கிறது" என்று சொல்லி மறுபடி கூப்பிட்டார்கள். இதற்கும் அந்த ஆய்வுக்கும் தொடர்பு உண்டா? "டாக்டர் செய்கிற வேலையில் இன்ஜினியருக்கு என்ன இடம்?" என்று மாமா கேட்கிறார்.

பதில்: விண்ணப்பியுங்கள். நான் மேலூர்க்காரன். ஒளியியலில் முனைவர் பட்டம் முடித்து, பதினான்கு ஆண்டுகளாக அறுவை அரங்குக்கான படக்கருவிகளோடு வேலை செய்கிறேன். நீங்கள் போகிற போக்கில் குறிப்பிட்ட பெரியம்மாவிலிருந்தே தொடங்குகிறேன். இந்தத் துறை முழுவதும் அவரிடம் சொல்லப்பட்ட அந்த ஒரு சொல்லைச் சுற்றித்தான் நிற்கிறது: ஓரம். மருத்துவர்கள் மார்ஜின் என்பார்கள்.

கன்னத்தில் இருக்கும் கட்டியை எடுக்கும்போது அறுவை மருத்துவருக்குத் துணை கண்ணும் விரலும்தான். கட்டி கெட்டியாகத் தட்டுப்படும். அதைச் சுற்றி ஏறக்குறைய ஒரு சென்டிமீட்டர் நல்ல சதையையும் சேர்த்து எடுப்பார். எடுத்த துண்டின் ஒரு பக்கத்தில் குட்டை நூலாலும் இன்னொரு பக்கத்தில் நீண்ட நூலாலும் தையல் போடுவார்கள். எது மேல், எது பக்கவாட்டு என்று நோயியல் மருத்துவருக்குத் தெரிய வேண்டும் அல்லவா? அந்தத் துண்டு ஃபார்மலினில் ஊறி, மெழுகில் பதிந்து, மெல்லிய சீவலாகி, சாயம் ஏறி நுண்ணோக்கிக்கு வருவதற்குச் சில நாட்கள் ஆகும். வாய்ப் புற்றுநோயில் கட்டிக்கும் வெட்டிய விளிம்புக்கும் நடுவே 5 மி.மீ. அல்லது அதற்கு மேல் நல்ல சதை இருந்தால் ஓரம் சுத்தம் என்பார்கள். 1 முதல் 5 மி.மீ. வரை என்றால் நெருக்கம். 1 மி.மீ.க்கும் குறைவு என்றால் நோய் விளிம்பைத் தொட்டுவிட்டதாகக் கொள்வார்கள். உங்கள் பெரியம்மாவை மறுபடி அழைத்தது இந்தக் கணக்கை வைத்தாகத்தான் இருக்கும்.

அதை யாருடைய கைத்தவறு என்றும் எண்ண வேண்டாம். கட்டியிலிருந்து நல்ல சதைக்குள் நூலிழை போல ஓடும் நோய்ச் செல்கள் எந்தக் கண்ணுக்கும் விரலுக்கும் அகப்படுவதில்லை. இங்கிலாந்தில் மார்பகத்தை முழுவதும் நீக்காமல் கட்டியை மட்டும் எடுத்துக்கொண்ட பெண்களில் ஏறக்குறைய ஐந்தில் ஒருவருக்கு இரண்டாம் அறுவை தேவைப்பட்டது என்று 2012இல் வெளியான ஆய்வு ஒன்று காட்டியது. எல்லா வசதியும் உள்ள நாட்டிலேயே நிலைமை அதுதான்.

சில மருத்துவமனைகளில் நோயாளி மேசையில் இருக்கும்போதே துண்டை உறைய வைத்துச் சீவிப் பார்க்கும் முறை உண்டு. ஃப்ரோஸன் செக்‌ஷன் என்பார்கள். அரை மணி நேரத்துக்குள் முடிவு வந்துவிடும். ஆனால் துண்டு முழுவதையும் அப்படிப் பார்க்க முடியாது; சில இடங்களைத்தான் பார்க்கலாம். நான் மாணவனாக அரங்கில் ஓரமாக நின்றிருந்த ஒரு நாளில் தொலைபேசியில் தகவல் வந்தது: பின்பக்க ஓரம் சரியில்லை. மருத்துவர் வெட்டிய துண்டைக் கையில் எடுத்துக் காயத்தின் மேல் வைத்துப் பார்த்தார். பொருந்தவில்லை. சிறிது திருப்பினார். நூலைப் பார்த்தார். மறுபடி திருப்பினார். வெட்டிய துண்டு சுருங்கிவிட்டிருந்தது, காயம் விரிந்துவிட்டிருந்தது, இடையில் ரத்தம். "இங்கேதான் இருக்க வேண்டும்" என்று கடைசியில் ஓர் இடத்தைத் தொட்டார். நோய் எது என்பது தெரிந்த பிறகும் எங்கே என்பது தெரியாமல் போன அந்த இரண்டு நிமிடத்தில்தான் என் ஆய்வு எதைப் பற்றியது என்று எனக்கு விளங்கியது.

எது என்ற கேள்விக்கு ஒளி விடை சொல்லும். எங்கே என்ற கேள்விக்கு ரோபோவின் கை விடை சொல்லும். நீங்கள் விண்ணப்பிக்கப்போகும் ஆய்வு இந்த இரண்டு விடைகளையும் ஒன்றாக முடிச்சுப் போடும் வேலை.

முதலில் ஒளி. அரைகுறை என்று நீங்கள் சொன்னது இந்தப் பகுதியைத்தான். இன்று இரவு விளக்கை அணைத்துவிட்டு, செல்பேசியின் டார்ச்சை உள்ளங்கையால் மூடிப் பாருங்கள். விரல்கள் சிவப்பாகத் தெரியும். ரத்தத்தில் உள்ள ஹீமோகுளோபின் நீலத்தையும் பச்சையையும் விழுங்கிவிடுகிறது. பச்சையில் 542, 577 நானோமீட்டர் அலைநீளங்களையொட்டி அதன் பசி கூடுதல். சிவப்பை விட்டுவிடுகிறது. சிவப்பையும் தாண்டி 700 முதல் 900 நானோமீட்டர் வரையுள்ள அகச்சிவப்பு இன்னும் ஆழமாகச் செல்லும். ஆனால் நேர்க்கோட்டில் போகாது. பாலில் விட்ட வெளிச்சம் போலச் சிதறி அலையும். மருத்துவ ஒளியியலில் உள்ள எல்லாக் கருவிகளும் இந்த இரண்டின் மேல்தான் நிற்கின்றன: எதை விழுங்குகிறது, எப்படிச் சிதறுகிறது. இது புரிந்துவிட்டால் மிச்சத்தைப் போகப்போகக் கற்றுக்கொள்ளலாம்.

கருவிகளில் முதலில் தெரிந்துகொள்ள வேண்டியது ஒளிர்வு. மூளைக் கட்டி அறுவைக்குச் சில மணி நேரம் முன்பு நோயாளிக்கு 5-ஏ.எல்.ஏ. என்ற மருந்தைக் குடிக்கக் கொடுப்பார்கள். உடல் அதை புரோட்டோபோர்ஃபிரின் என்ற பொருளாக மாற்றும். நல்ல செல்லில் அது இரும்போடு சேர்ந்து, ரத்தச் சிவப்புக்குக் காரணமான ஹீம் ஆகிவிடும். நோய்ச் செல்லில் அந்தக் கடைசிப் படி தடுமாறுவதால், பொருள் அங்கேயே தேங்கும். ஏறத்தாழ 405 நானோமீட்டர் நீல ஒளியைப் பாய்ச்சினால் தேங்கிய இடம் மட்டும் செக்கச்சிவப்பாக ஒளிரும். ஜெர்மனியில் நடந்து 2006இல் வெளியான ஆய்வில், சாதாரண வெளிச்சத்தில் 36 சதவீத நோயாளிகளுக்குத்தான் கட்டி முழுதும் எடுக்கப்பட்டிருந்தது. இந்த ஒளியில் 65 சதவீதம். இந்த இரண்டு எண்களையும் முதலில் படித்தபோது நான் அவற்றை ஒரு தாளில் எழுதி மேசையின் முன் ஒட்டிவைத்தேன். விளக்கையும் சாயத்தையும் மாற்றியதால் வந்த வேறுபாடு அது. அமெரிக்காவில் இந்த மருந்துக்கு 2017இல் அனுமதி கிடைத்தது. சூல்பைப் புற்றுநோய்க்கான பஃபோலாசயனைன் 2021இலும், மார்பகக் கட்டி அறுவைக்கான பெகுலிசயனைன் 2024இலும் அனுமதி பெற்றன.

இதில் மதுரைக்கும் ஒரு பங்கு உண்டு. இண்டோசயனைன் கிரீன் என்ற பச்சைச் சாயம் அமெரிக்காவில் 1959இலேயே அனுமதி பெற்றது. அகச்சிவப்பில் ஒளிரும். டாவின்சி அறுவை ரோபோவின் ஒளிர்வுக் கேமரா காட்டுவது இந்தச் சாயத்தைத்தான். இதே சாயத்தை, அரவிந்த் கண் மருத்துவமனையின் தயாரிப்புக்கூடமான நம் மதுரை ஆரோலேப் கண் மருத்துவத்துக்காக ஆரோகிரீன் என்ற பெயரில் தயாரித்திருக்கிறது. ஒன்றை மட்டும் மறந்துவிடாதீர்கள்: இந்தச் சாயம் புற்றுநோயைத் தேடிப் பிடித்து ஒட்டுவதில்லை. ரத்த ஓட்டத்தையும் நிணநீர் போகும் வழியையும்தான் காட்டும். பளிச்சென்று ஒளிர்வதெல்லாம் நோய் என்று எண்ணி ஆய்வைத் தொடங்கியவர்களைப் பார்த்திருக்கிறேன்.

ஒளியால் சதையை அடுக்கடுக்காகப் படமெடுக்கும் ஓ.சி.டி. உங்களுக்கு அறிமுகமாகியிருக்கும். 1991இல் முதன்முதலாக வெளியான இந்த முறை இன்று அரவிந்த் கண் மருத்துவமனையில் முகவாயை வைத்து உட்காரும் எத்தனையோ பேருக்குப் பழகிப்போன பரிசோதனை. விழித்திரையின் அடுக்குகளை நூறில் ஒரு மில்லிமீட்டர் நுணுக்கத்தில் காட்டும். சதையில் ஒன்றிரண்டு மில்லிமீட்டர் ஆழம்வரை போகும். ராமன் 1928இல் கண்ட ஒளிச்சிதறலை வைத்து, சாயமே இல்லாமல் சதையின் வேதியியலைப் படிக்கும் கருவிகளும் உள்ளன. நுட்பமானவை, ஆனால் மெதுவானவை.

இனி ரோபோ. செல்லையே நேரில் காட்டும் கருவி ஒன்று உண்டு: பென்சிலைவிட மெல்லிய ஒளியிழைக் கற்றையின் நுனியைச் சதையில் தொட்டுப் பார்க்கும் நுண்ணோக்கி. அது ஒரு தடவையில் காட்டும் வட்டத்தின் விட்டம் கால் மில்லிமீட்டர்தான். 0.24 மி.மீ. என்று வைத்துக்கொண்டு நீங்களே கணக்குப் போட்டுப் பாருங்கள். ஒரு சதுர சென்டிமீட்டர் ஓரத்தை முழுதாகப் பார்க்க 2,200க்கும் மேற்பட்ட படங்கள் வேண்டும். ஒன்றோடொன்று தொட்டும் தொடாமலும் எடுத்தால்கூட. நுனியை அழுத்தினால் ரத்தம் விலகிப் படம் மாறிவிடும், தூக்கினால் படமே மங்கிவிடும். மனிதக் கை எவ்வளவு பழகியிருந்தாலும் விநாடிக்கு 8 முதல் 12 தடவை நுணுக்கமாக நடுங்கும். அது நோயல்ல, இயல்பு. நுண்ணோக்கியின் கீழ் அந்த நடுக்கம் நிலநடுக்கமாகத் தெரியும். 2,200 தடவை, ஒரே அழுத்தத்தில், ஒரு வரிசை விடாமல், ஒவ்வொரு படமும் எந்த இடத்தில் எடுத்தது என்ற கணக்கோடு தொட்டு எடுக்க வேண்டும் என்றால் அந்த வேலையை ரோபோவிடம்தான் கொடுக்க முடியும். வெட்டுவதற்காக ரோபோ என்று பலர் நினைக்கிறார்கள். சரியாகத் தொடுவதும், தொட்ட இடத்தை மறக்காமல் இருப்பதும்தான் இந்த ஆய்வில் அதன் முதல் வேலை.

இப்போது முடிச்சு. கேமரா ரோபோவின் கையில் பொருத்தப்பட்டிருக்கிறது. கேமரா ஒரு புள்ளியைக் காட்டுகிறது. அந்தப் புள்ளி ரோபோவின் கணக்கில் எங்கே இருக்கிறது? அதைச் சொல்ல, கையின் கடைசி மூட்டுக்கும் கேமராவின் கண்ணுக்கும் இடையிலுள்ள தூரமும் சாய்வும் துல்லியமாகத் தெரிய வேண்டும். கை-கண் அளவீடு என்று இதற்குப் பெயர். சாய்வில் ஒரே ஒரு பாகை (டிகிரி) பிசகினால், 10 சென்டிமீட்டர் தள்ளியுள்ள புள்ளி 1.75 மி.மீ. விலகிவிடும். நாம் பேசிக்கொண்டிருப்பது 5 மி.மீ. ஓரத்தைப் பற்றி; அதில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் அந்த ஒரு பாகையிலேயே போய்விட்டது. அடுத்தது நேரம். மூச்சோடு சதை அசையும். விநாடிக்கு 10 மி.மீ. வேகத்தில் அசைகிறது என்றால், படத்தைக் கணித்து முடிக்க 0.2 விநாடி எடுத்துக்கொள்ளும் மென்பொருள் காட்டும் இடம் 2 மி.மீ. பழையது. இவற்றோடு சதை இழுபடும், சுருங்கும், ஈரமாகிப் பளபளக்கும். இரும்புத் துண்டுக்கு எழுதிய ரோபோ கணக்கு சதையில் அப்படியே செல்லாது.

இந்த இடத்தில்தான் உங்கள் மெக்கட்ரானிக்ஸ் கைகொடுக்கிறது. ஒளியியலிலிருந்து வருபவர்கள் அழகான படம் எடுத்துவிட்டு இங்கே தடுமாறுவார்கள். நானும் தடுமாறினேன், ஒரு வருடத்தின் பெரும்பகுதி கை-கண் அளவீட்டிலேயே கழிந்தது. உங்களுக்கு அது பட்டப்படிப்பிலேயே பழகிய கணிதம்.

மாமாவின் கேள்விக்கும் விடை இதுதான். ஒரு பாகைப் பிசகைக் கண்டுபிடித்துத் திருத்துவது மருத்துவரின் வேலையும் அல்ல, அதற்கு அவருக்கு நேரமும் இல்லை. ஓரம் எத்தனை மில்லிமீட்டர் வேண்டும் என்று முடிவு செய்வது இன்ஜினியரின் வேலை அல்ல. இருவரும் ஒரே மேசையில் உட்கார வேண்டும். மாமா மதுரைக்காரர் என்றால் ஆரோலேப்பையே எடுத்துச் சொல்லுங்கள். கண்புரை அறுவையில் வைக்கும் லென்ஸ் வெளிநாட்டிலிருந்து ஏழைக்கு எட்டாத விலையில் வந்துகொண்டிருந்த காலத்தில், 1992இல் தொடங்கி அதை இங்கேயே செய்து விலையை அடியோடு இறக்கினார்கள். அறுவை செய்தவர்கள் டாக்டர்கள்; லென்ஸைச் செய்தவர்கள் யார் என்று அவரையே கேளுங்கள்.

ஆனால் உங்களிடம் ஒரு விஷயத்தை ஒளிக்காமல் சொல்ல வேண்டும். வாய்ப் புற்றுநோயில் அதிக உயிரைக் காப்பாற்றக்கூடியது இன்றைக்கும் ரோபோ அல்ல. திருவனந்தபுரத்தில் பயிற்சி பெற்ற சுகாதாரப் பணியாளர்கள் வீடு வீடாகச் சென்று வாய்க்குள் பார்த்துச் சோதித்தார்கள். புகையிலை, மது பழக்கம் உள்ளவர்களிடையே இறப்பு ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு குறைந்ததாக 2005இல் அந்த ஆய்வு வெளியானது. ஒரு டார்ச், பழகிய ஒரு ஜோடிக் கண். அதே ஊரிலிருந்து ஒளியின் உதவியால் வாயில் சந்தேகமான இடத்தைக் காட்டும் ஓரல்ஸ்கேன் என்ற கைக்கருவியும் வந்திருக்கிறது. இந்திய ஆண்களிடம் மிக அதிகமாகக் காணப்படும் புற்றுநோய் வாய்ப் புற்றுநோய்தான். பல கோடி ரூபாய் ரோபோவோடு மட்டும் பொருந்தும் ஆய்வைவிட, பாலரெங்கபுரத்துப் புற்றுநோய் மருத்துவமனை போன்ற ஓர் அரசு மருத்துவமனையின் மேசையில் என்றாவது ஒரு நாள் வைக்கக்கூடிய சிறு கையும் சிறு கேமராவும் சேர்ந்த ஆய்வை நான் உயர்வாக மதிக்கிறேன். இது என் விருப்பம். உங்கள் நெறியாளர் வேறு மாதிரி நினைக்கலாம்.

நெறியாளரைத் தேர்ந்தெடுக்கும்போது பல்கலைக்கழகத்தின் பெயரைவிட மூன்று கேள்விகளுக்கு எடை கொடுங்கள். இணை நெறியாளராக ஓர் அறுவை மருத்துவர் இருக்கிறாரா? மாணவர்கள் மாதத்தில் எத்தனை நாள் அரங்குக்குள் போகிறார்கள்? அந்தக் குழுவில் இதற்கு முன் முடித்தவர்கள் இப்போது என்ன செய்கிறார்கள்? கடைசிக் கேள்விக்கு நெறியாளரைவிட அங்குள்ள மாணவர்களிடம் நேராகக் கேட்டால் நல்ல விடை கிடைக்கும். வெளிநாடு என்றால் உதவித்தொகை கட்டணம் முழுவதையும் ஈடுகட்டுமா, வெளிநாட்டு மாணவருக்கான கூடுதல் கட்டணம் உங்கள் தலையில் விழுமா என்று எழுத்தில் கேட்டு வாங்குங்கள். இங்கேயே செய்வதென்றால் இளநிலை ஆய்வு உதவித்தொகை 2023இல் மாதம் 37,000 ரூபாயாகவும், பிறகு கிடைக்கும் முதுநிலை உதவித்தொகை 42,000 ஆகவும் உயர்த்தப்பட்டன. பிரதமர் ஆய்வு உதவித்தொகை கிடைத்தால் அதைவிடக் கூடுதல்.

ஆய்வுக் காலத்தில் முதல் வருடம், சதையைப் போல ஒளியைச் சிதறடிக்கும்படி செய்த பொய்ச்சதையிலேயே போகும். இரண்டாம் வருடம் அறுவையில் எடுத்த துண்டுகள். அதற்கே நெறிமுறைக் குழுவின் அனுமதி வேண்டும், அது வர மாதங்கள் ஆகும். சேர்ந்த முதல் மாதத்திலேயே விண்ணப்பத்தை எழுதத் தொடங்குங்கள். நோயாளியிடம் கையெழுத்து வாங்கும் ஒப்புதல் படிவத்தை நல்ல தமிழில் நீங்களே எழுதுங்கள். பெரியம்மா படித்துப் புரிந்துகொள்வாரா என்று அவரிடமே ஒரு முறை காட்டிவிடுங்கள். உயிருள்ள நோயாளியிடம் கருவி செல்வது உங்கள் காலத்திலேயே நடந்தால் நல்லது, நடக்காவிட்டாலும் ஆய்வேடு குறைபடாது.

ஒரு குழியில் மட்டும் விழுந்துவிடாதீர்கள். படத்தில் நோய் எது என்று சொல்லும் செயற்கை நுண்ணறிவைப் பழக்க ஒன்பது நோயாளிகளிடம் 4,000 படங்கள் எடுத்தால் உங்களிடம் இருப்பது ஒன்பது நோயாளிகள்தான். ஒரே நோயாளியின் படங்களைப் பழக்குவதற்கும் சோதிப்பதற்கும் கலந்து பிரித்துவிட்டு 98 சதவீதம் சரி என்று எழுதும் கட்டுரைகள் வந்துகொண்டே இருக்கின்றன. இயந்திரம் அங்கே நோயைக் கற்றுக்கொள்ளவில்லை, அந்த மனிதரின் சதையை அடையாளம் காணக் கற்றுக்கொண்டது. நோயாளி வாரியாகப் பிரியுங்கள். எண் குறையும். குறைந்த அந்த எண்ணைத்தான் ஒரு மருத்துவர் நம்பி வெட்ட முடியும்.

விண்ணப்பத்துக்கு முன் வீட்டிலேயே செய்து பார்க்க இரண்டு வேலை தருகிறேன். முதலாவது சுலபம்: முருங்கைக்கீரையை அரைத்து ஸ்பிரிட்டில் ஊறவைத்து வடிகட்டுங்கள். அடுப்பிலிருந்து தள்ளியே செய்யுங்கள். இருட்டில் அந்தப் பச்சைச் சாற்றின் மேல் கடைகளில் கள்ளநோட்டுப் பார்க்கும் ஊதா விளக்கை அடியுங்கள். பச்சைச் சாறு ரத்தச் சிவப்பாக ஒளிரும். கீரையின் பச்சையமும் நம் ரத்தத்தின் ஹீமும் உருவாகும் பாதை பிரிவதற்கு முன்னால் நிற்பது, மேலே சொன்ன அதே புரோட்டோபோர்ஃபிரின். மூளை அறுவையில் மருத்துவர் காணும் சிவப்புக்கு இது நெருங்கிய உறவு.

இரண்டாவது கொஞ்சம் பெரிய வேலை. கீழமாசி வீதியில் கடல்பாசி வாங்குங்கள், ஜிகர்தண்டாவில் போடும் அதேதான். மண்டபம் கடலில் பெண்கள் மூழ்கி எடுக்கும் மரிக்கொழுந்துப் பாசியிலிருந்து அகர் காய்ச்சும் தொழில் மதுரைக்குப் பழையது. உலகம் முழுவதும் ஒளியியல் ஆய்வுக்கூடங்களில் பொய்ச்சதை செய்ய அகரையும் எடுக்கிறார்கள். 200 மி.லி. தண்ணீரில் 3 கிராம் போட்டுக் கொதிக்கவிட்டுக் கரையுங்கள். கை பொறுக்கும் சூட்டுக்கு வந்ததும் இரண்டு கரண்டி பால் கலந்து ஊற்றுங்கள். பால் ஒளியைச் சிதறடிக்கும். தனியாக ஒரு சிறு கட்டி வார்த்து அதில் நான்கு சொட்டு கறுப்பு மையைக் கலந்து, உறைவதற்கு முன் நடுவில் புதைத்துவிடுங்கள். மை ஒளியை விழுங்கும். சதையும் கட்டியும் தயார். மேலிருந்து பார்த்தால் எல்லை மங்கலாகத்தான் தெரியும், அரங்கில் தெரிவது போல.

கல்லூரியில் செய்த ரோபோக் கை இருந்தால் அதில் ஒரு சிறு கேமராவைக் கட்டி, அடியிலிருந்து வெளிச்சம் கொடுத்து, வரிசை வரிசையாகப் படமெடுத்து, எல்லாவற்றையும் ஒரே படமாகத் தையுங்கள். படம் காட்டும் எல்லையிலிருந்து 5 மி.மீ. தள்ளி ரோபோவையே கோடு போடச் சொல்லுங்கள். கோட்டின் மேல் கத்தியால் வெட்டி எடுங்கள். எடுத்த துண்டைக் குறுக்கே சீவி, கட்டிக்கும் விளிம்புக்கும் நடுவே உண்மையில் எத்தனை மில்லிமீட்டர் இருக்கிறது என்று அளவுகோலை வைத்து அளந்து, நான்கு பக்கமும் எழுதுங்கள். முதல் தடவை ஒரு பக்கமாவது கட்டியின் மேலேயே கத்தி போயிருக்கும். எனக்கும் அப்படித்தான் போனது. ஏன் போனது என்று தேடும்போது கை-கண் அளவீடும் தாமதமும் சிதறலும் ஒவ்வொன்றாக உங்களிடம் வரும்.

பேராசிரியருக்கு எழுதும் கடிதத்தில் மதிப்பெண்ணைப் பின்னால் வைத்துக்கொள்ளலாம். பெரியம்மாவிடம் சொன்ன அந்த வாக்கியத்தை முதல் வரியாக எழுதுங்கள். அடுத்த பத்தியில் அகர்த் துண்டின் நான்கு ஓரத்தின் அளவுகளையும், சரியாக வராத பக்கத்தை மறைக்காமல், அப்படியே கொடுங்கள்.